நானூற்றுக்குக் கீழே

மாஸ்டரின் கைக்குத் தராசு தேவையில்லை என்று பேக்கரியில் சொல்வார்கள். பிசைந்து வைத்த மாவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். "நானூத்தி அறுபது" என்பார். தட்டில் வைத்தால் நானூற்று அறுபதுதான் இருக்கும். அடுப்பில் வெந்து ஈரம் போனபின் அது நானூறு கிராம் ரொட்டியாக வெளியே வரும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவரிடம் ஒரு டீ பந்தயம் கட்டித் தோற்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். முன்னறை ஜன்னலோரம் அவள் மெஷின். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று ஏதாவது ஒரு துணி எப்போதும் அதன் ஊசிக்குக் கீழே இருக்கும். பின்னால் சமையலறை, பக்கத்தில் படுக்கை போட்ட சின்ன அறை. இரண்டே பேர். அந்த வீட்டுக்கு மூன்றாவது ஆளாக, முப்பத்தொரு வயதில், சாம்பல் நிறத்தில், வால் மட்டும் சிவப்பாக ஒரு கிளி வந்து சேர்ந்தது.

பின்தெருவில் டைப்ரைட்டிங் பள்ளி வைத்திருந்த டீச்சரம்மாவின் கிளி அது. டீச்சரம்மாவுக்குக் கல்யாணமாகவில்லை. இடுப்பெலும்பு முறிந்தபிறகு தம்பி மகன் வந்து வேறு ஊரில் ஒரு முதியோர் விடுதியில் இடம் பிடித்துவிட்டான். விடுதியில் பறவைக்கு இடமில்லை.

"எங்க அண்ணி கேட்டாங்க, குடுக்கல. அவங்க வீடு கல்லறை மாதிரி இருக்கும்," என்றாள் டீச்சரம்மா. "உன் வீட்ல மெஷின் சத்தம் இருக்கு. இவளுக்கு அது போதும். எனக்காகச் செய்வியா?"

தையலக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. "விட்டுட்டுப் போங்க டீச்சரம்மா. பாத்துக்கறேன்."

மாலையில் வேலை முடிந்து வந்த மாஸ்டர் கூண்டைப் பார்த்தார். கிளி தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் அளந்தது. பிறகு கறாரான ஒரு கிழவியின் குரலில், "தப்பு. திரும்ப அடி," என்றது.

"இத்தனை வருஷம் மாமியார் இல்லாத குறைதான் இருந்துச்சு. அதையும் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவருக்கு அது மாமியார். டீச்சரம்மா வைத்த பெயர் குட்டி. முப்பத்தொரு வயதிலும் குட்டி. தையலக்காவும் அப்படியே கூப்பிட்டாள். அவள் மெஷினை மிதித்தால் குட்டி கூண்டுக்குள்ளிருந்து டைப்ரைட்டர் அடிக்கும். டக் டக் டக் டக் என்று போய், வரி முடிகிற இடத்தில் டிங். பாவாடை தைக்கக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, ஆபீஸ் வச்சிருக்கியா? எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடு," என்று சிரித்தாள்.

ஆனால் குட்டி நல்ல நிலையில் வரவில்லை. நெஞ்சில் இறகே இல்லை. தானே பிடுங்கிப் போட்டிருந்தது. தோல் சுருங்கி, கழுவி வைத்த கோழி மாதிரி இருந்தது. பாதத்தின் அடியில் புண். ஒற்றைக்காலில் நிற்கப் பார்க்கும், முடியாமல் மாற்றும். மறு வாரமே இரண்டு பஸ் மாறி பறவை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். சின்ன வயசுப் பெண். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"என்ன சாப்பாடு குடுத்தாங்க?"

"சூரியகாந்தி விதை."

"வேற?"

"அதான். அதுக்குப் பிடிச்சது அதுன்னு சொன்னாங்க."

"எனக்குக்கூட ஐஸ்கிரீம்தான் பிடிக்கும். முப்பது வருஷம் அதையே சாப்பிட்டா நான் இங்க உக்காந்திருப்பேனா?" டாக்டர் குட்டியின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். "கல்லீரல் வீங்கியிருக்கு. வயசும் ஆயிடுச்சு. விதையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துங்க. வேகவச்ச கேரட், பூசணி, கீரை. மருந்து ரெண்டு வேளை. கால் புண்ணுக்குக் களிம்பு."

துண்டைச் சுற்றிப் பிடிப்பது எப்படி, ஊசியில்லாத சிரிஞ்சை அலகின் எந்தப் பக்கம் நுழைப்பது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தாள். தட்டில் நிறுத்தி எடை பார்த்தாள். நானூற்று நாற்பத்தாறு.

"இதான் முக்கியம். தினமும் காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. பறவை நோயை மறைக்கும். விழற நாள் வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். எடை மட்டும்தான் பொய் சொல்லாது. சாப்பாடு மாத்தறப்போ கொஞ்சம் இறங்கும், பயப்படாதீங்க. ஆனா நானூறுக்குக் கீழ வந்துச்சுன்னா அன்னைக்கே வந்துடணும். நாளைக்குப் பாக்கலாம்னு வைக்கக் கூடாது."

மாஸ்டர் பேக்கரியில் கழித்துப்போட்ட தராசைக் கேட்டு வாங்கி வந்தார். மாவு உருட்டும் கட்டை ஒன்று உடைந்து கிடந்தது. அதை அறுத்து, தட்டின்மேல் குட்டி நிற்பதற்குத் தோதாகப் பொருத்தினார். தையலக்கா அந்தக் கட்டைக்குப் பழைய ஃபிளானலில் ஒரு உறை தைத்தாள். மிச்சத் துணியில் குட்டியின் வெறும் நெஞ்சுக்குச் சட்டை ஒன்றும் தைத்துப் போட்டாள். அரை மணி நேரத்தில் குட்டி அதைக் கிழித்துக் கீழே போட்டு, "தப்பு," என்றது.

"என் கையால தைச்சதை இதுவரைக்கும் யாரும் தப்புன்னு சொன்னதில்ல தெரியுமாடி?" என்று அவள் சண்டைக்குப் போனாள்.

காலை ஏழு மணிக்கு எடை. மாஸ்டர் எட்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும். அவர் குட்டியைக் கட்டையில் ஏற்றும்போது அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு டீ ஆற்றுவாள். "எவ்வளவு?" என்று அப்படியே கேட்பாள். அவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் திரும்புவாள். திரும்பி நோட்டில் எழுதுவாள்.

அவள் தராசைப் பார்க்க மாட்டாள். காய்கறிக் கடையில்கூட நிறுக்கும்போது தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைக்காரர்களுக்கு அது தெரியும். காரணம் சிலருக்குத்தான் தெரியும்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. இரண்டு மாதம் முன்கூட்டியே. பிள்ளை கண்ணாடிப் பெட்டியில். அவள் ரத்தத்தில் விஷம் ஏறி வேறு கட்டடத்தில், எழுந்து உட்காரக்கூட முடியாமல். தினமும் காலையில் நர்ஸ் பிள்ளையை நிறுத்துச் சொல்வதை மாஸ்டர் கேட்டுக்கொண்டு, இரண்டு மாடி ஏறி வந்து இவளிடம் சொல்வார். பத்தொன்பதாம் நாள் அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். பிள்ளை தராசுத் தட்டிலேயே இருந்தது. மேலே துணி மூடியிருந்தது. பெயர்கூட வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அதைப் பற்றி அவள் பேசாமல் இருந்ததில்லை. பேசுவாள், ஒரு பெருமையோடுகூட. "தினமும் ஏறுனா என் பொண்ணு. இருபது, முப்பதுன்னு. ஒருநாள் நாப்பது. கெட்டிக்காரி. கடைசி நாள் திடீர்னு காய்ச்சல் வந்துடுச்சு, என்ன பண்றது. இல்லைன்னா பொழச்சிருப்பா." எதிர்வீட்டுக்காரி அதை ஒரு இருபது தடவையாவது கேட்டிருப்பாள். தையலக்கா அதைச் சொல்லும்போது மாஸ்டர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

முதல் மூன்று மாதம் நன்றாகவே போயிற்று. குட்டி முதலில் பூசணியைத் தூக்கிச் சுவரில் அடித்தது. பிறகு நக்கிப் பார்த்தது. ஒருநாள் முழுத்துண்டையும் தின்று, அலகெல்லாம் மஞ்சளாக நின்றது. எடை நானூற்று முப்பதில் நின்றது. கால் புண் வறண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரம்மா போன் செய்வாள். போனைக் கூண்டருகே பிடித்தால், அவள் குரல் கேட்டதும் குட்டி ஒரு முழுப்பக்கம் டைப் அடித்துக் காட்டும். டிங் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் டீச்சரம்மா அழுவது கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் தையலக்கா டாக்டருக்குப் போன் செய்து அந்த வாரத்து எடையை நோட்டைப் பார்த்து வாசிப்பாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. துணி காயவில்லை. பேக்கரியில் மாவு பொங்க இரண்டு மடங்கு நேரமாயிற்று. சுவர் ஓரமெல்லாம் ஓதம் ஏறியது. கூண்டின்மேல் மாஸ்டர் ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். குட்டி அதன்கீழ் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடை நானூற்று இருபது, பதினைந்து, ஆறு.

தையலக்காவுக்குத் தூக்கம் போயிற்று. "சாப்பாட்டை மாத்துனது நான்தானே," என்றாள். "முப்பது வருஷம் அவங்க உயிரோட வச்சிருந்தாங்க. நான் அஞ்சு மாசத்துல கொன்னுட்டேன்னா அவங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? என் கையில எதுவும் தங்காதுங்க."

"அப்படியெல்லாம் பேசாத. டாக்டர் சொன்னதைத்தானே செய்யற."

"எனக்கு ராசியில்ல."

மறுநாள் காலை தராசு முந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு காட்டியது. மாஸ்டர் குட்டியை இறக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். முந்நூற்றுத் தொண்ணூற்று ஏழு. அவள் முதுகைத் திருப்பி நின்றிருந்தாள். டீயை ஆற்றுகிற கை அப்படியே நின்றுபோயிருந்தது. ரவிக்கைக்கு மேலே கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. இவளும் இளைத்துவிட்டாள் என்று அவருக்குப் பட்டது.

"எவ்வளவு?"

"நானூத்திப் பன்னெண்டு."

அவள் திரும்பியபோது முகமே மாறியிருந்தது. "பாத்தீங்களா! ஏறுது! ஏய் குட்டி, ஏறிட்டடி!" நோட்டில் எழுதி, அதன்கீழே ஒரு கோடும் போட்டாள். அன்று இருவருக்கும் முட்டை பொரித்தாள்.

நாளைக்கு ஏறிவிடும், ஏறியதும் சொன்னது நிஜமாகிவிடும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். ஏற்றிவிட வேண்டியது தன் வேலை என்றும் நினைத்தார். பேக்கரியில் ரொட்டியின் மேலே தூவுவதற்குச் சூரியகாந்தி விதை, இன்னும் தோல் உரிக்காமல், மூட்டையாக இருந்தது. சட்டைப் பையில் ஒரு பிடி போட்டுக்கொண்டு வந்தார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். குட்டி எவ்வளவோ நாளாகக் காணாததைக் கண்டமாதிரி ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றது. "சாப்பிடு மாமியாரே. உன் பொண்ணுகிட்ட சொல்லிடாத," என்றார். விதைத்தோலைக் கூட்டி, காகிதத்தில் மடித்து, வெளியே போகும்போது எறிந்தார்.

அப்படி மூன்று வாரம் ஓடியது. முந்நூற்று எண்பது என்றால் நானூற்றுப் பதினாலு. முந்நூற்று அறுபத்தைந்து என்றால் நானூற்றுப் பதினெட்டு. தராசு ஒரு பக்கம் போயிற்று, நோட்டு ஒரு பக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமை அவள் எண்களை வாசிக்க, டாக்டர், "ரொம்ப நல்லா போகுது. மருந்தை அப்படியே குடுங்க. மழையில அலைய வேண்டாம், அடுத்த மாசம் வாங்க," என்றாள்.

"எடை நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ பேசறதே இல்லையே," என்றாள் தையலக்கா ஒருநாள். மெஷினை வேண்டுமென்றே வேகமாக மிதித்துப் பார்த்தாள். கூண்டிலிருந்து ஒரு டக்கும் வரவில்லை.

"குளிருதுல்ல. நமக்கே வாய் தொறக்க முடியல."

"எச்சமெல்லாம் பச்சையா இருக்கு."

"கீரை தின்னா வேற என்ன கலர்ல இருக்கும்?"

அவள் சிரித்தாள். எடை ஏறும்போது வேறு எதையும் நினைக்கத் தேவையில்லை என்று அவளுக்கு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவின் குரலுக்கும் குட்டி கண்ணைத் திறக்கவில்லை.

"தூங்கறா டீச்சரம்மா. நல்லா வெயிட் போட்டிருக்கா. நானூத்தி இருபது!"

"மகராசியா இரும்மா," என்றது போன்.

மாஸ்டர் ஒவ்வொரு நாளும் டாக்டரிடம் போக நினைத்தார். ஆனால் போனால் அங்கே ஒரு தராசு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை குட்டி கூண்டின் தரையில் கிடந்தது. எழுந்திருக்க முயன்று, சிறகை ஊன்றி, மறுபடி சரிந்தது. தையலக்கா துணி வெட்டும் கத்தரியைப் போட்டுவிட்டு அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். மாஸ்டரும் கூடவே கிளம்பினார். மழையில் இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் உட்கார இடமில்லை. யாரோ ஒரு பெண் துண்டுக்குள் எட்டிப்பார்த்து, "குழந்தைக்கு என்னங்க?" என்று கேட்டு, அலகைக் கண்டு பின்வாங்கினாள். தையலக்கா எதையும் கவனிக்கவில்லை. நோட்டை நனையாமல் இடுப்பில் செருகியிருந்தாள்.

டாக்டர் குட்டியைத் தட்டில் கிடத்தினாள். தையலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றாள் டாக்டர். நோட்டைப் புரட்டினாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். "நேத்து நானூத்திப் பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. ஒரு நாள்ல நூறு கிராம் எப்படிக் குறையும்? உங்க தராசு கெட்டுப்போச்சா?"

"ஆமாங்க," என்றார் மாஸ்டர் உடனே. "பழசு. பேக்கரியில கழிச்சுப் போட்டது."

தையலக்கா ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு ஊசி போட்டாள். மூக்கருகே காற்றுக் குழாயைப் பிடித்தாள். அலகைத் திறந்து பார்த்தபோது ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பு விதைத்தோல் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டினாள். "விதை குடுத்தீங்களா?"

"இல்லையே! நான் ஒரு விதை குடுக்கலைங்க," என்றாள் தையலக்கா. மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். மருந்தை மாத்தியிருப்பேன், குழாய் வழியா சாப்பாடு குடுத்திருப்பேன்." டாக்டரின் குரல் தணிந்தது. "இப்ப ராத்திரி இங்க வச்சா பழக்கமில்லாத இடத்துல பயத்துலயே போயிடும். வீட்டுக்குக் கொண்டுபோங்க. சூடா வச்சுக்கோங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் துண்டை முந்தானையால் போர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மாஸ்டர் வேலைக்குப் போகவில்லை. அவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணி எதுவும் வைக்காமல், நூல் கோக்காமல், வெறும் மெஷினை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குக் குட்டியின் தொண்டையிலிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது. அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை.

மாஸ்டர் அருகே வந்து நின்றார். "நான் டீச்சரம்மாகிட்ட சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"என்னன்னு சொல்வீங்க?"

அவள் குட்டியைத் துண்டோடு மெஷின் மேசையில் கிடத்திவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே தராசு இருந்தது. பக்கத்தில் அவர் முந்தாநாள் கொண்டுவந்த ரொட்டி, இன்னும் உறை பிரிக்காமல். அவள் ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். வைத்த பிறகு, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, குனிந்து பார்த்தாள்.

நானூறு.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். நானூறு.

"தராசு நல்லாத்தானே இருக்கு," என்றாள்.

"ம்."

அவள் போய்க் குட்டியைத் தூக்கிவந்து, துண்டை விலக்கி, அவர் வலது உள்ளங்கையில் வைத்தாள். "எவ்வளவு?"

"வேண்டாம்மா."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

கை அதுவாகவே ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. "முந்நூத்தி நாலு."

அவள் வாங்கித் தட்டில் வைத்தாள். முந்நூற்று நாலு.

"இந்தக் கைக்குத் தினமும் தெரிஞ்சிருக்கு."

"நீ சந்தோஷமா இருந்த," என்றார் அவர். "அன்னைக்கு முட்டை பொரிச்ச. ஏறிடும்னு நினைச்சேன். ஏறுனதும் சரியாப் போயிடும்னு..."

"விதையும் நீங்கதான்."

"ஏத்தணும்னுதான் குடுத்தேன்."

அவள் தட்டிலிருந்த குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டின்மேல் மழை வலுத்தது, தணிந்தது. எதையோ தேடிக் கண்டுபிடித்தவள்போல் மெல்லத் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் தண்ணீர்ப் பானைப் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

"இங்கேயே நில்லுங்க," என்றாள். "என் பொண்ணு ஏறுனாளா?"

அவர் நின்றார்.

"தினமும் ரெண்டு மாடி ஏறி வந்து சொன்னீங்களே. இருபது, முப்பது, ஒருநாள் நாப்பது. ஏறுனாளா?"

"டாக்டருங்க சொன்னாங்க... உனக்கு அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னு..."

"ஏறுனாளா?"

"இல்ல."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. "நான் பாலைப் பிழிஞ்சு பிழிஞ்சு குடுத்தனுப்பினேன். ஏறுது ஏறுதுன்னு நினைச்சுக்கிட்டுச் சும்மா படுத்திருந்தேன். இறங்குதுன்னு தெரிஞ்சிருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பேன். ஒருநாளாவது கையில வச்சிருப்பேன்." பிறகு, "எவ்வளவு இருந்தா?" என்று கேட்டாள்.

"எப்போ?"

"எல்லா நாளும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

இருந்தது. மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். மாவு பிசைந்து பிசைந்து பருத்துப்போன கைகள் இரண்டும் தொங்கின.

"மொத நாள் ஆயிரத்து நூத்தி எண்பது. ரெண்டாம் நாள் ஆயிரத்து நூத்தி அறுபது. மூணாம் நாள் ஆயிரத்து நூத்தி முப்பத்தஞ்சு..."

ஒரு எண்ணிலும் அவர் தடுமாறவில்லை. பதினொன்றாம் நாளில் மட்டும் நின்றார். "அன்னைக்குப் பத்து கிராம் ஏறுச்சு. நிஜமாவே. அன்னைக்கு நான் உன்கிட்ட சொன்னது நிஜம்."

"அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"பத்துன்னு. பத்துதானான்னு கேட்டு நீ வருத்தப்பட்ட."

அதற்குமேல் எண்கள் மறுபடியும் இறங்கின. பதினெட்டாம் நாள் எண்ணூற்று எழுபது. பத்தொன்பதாம் நாள் எண்ணூற்று அறுபத்திரண்டு. சொல்லி முடித்துவிட்டு அவர் காத்திருந்தார், அவள் ஏதாவது திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று.

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திரும்பச் சொல்லுங்க," என்றாள். "மொத நாள்லேர்ந்து."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.